கொட்பிறி விட்டுப்போன ஜிஞ்சர் பியர்

கொட்பிறியை அடக்கம் செய்த மறுநாள், நார்த்மீட்டில் அவருடைய வீட்டில் ஜிஞ்சர் பியர் குடித்த ஆறு பேர் கொட்பிறியின் குரலில் பேசினார்கள். முதலில் பேசியவர் தேவாலயப் பாடகர் குழுவின் கமலினி அன்ரி. கீச்சுக் குரல்காரியான அவர் ஒரு மிடறு விழுங்கிவிட்டு, வெயிலுக்கு நல்லாயிருக்கு என்றபோது, தொண்டை கரகரத்த அந்த ஆண் குரல் குசினி அடுப்படி வரை கேட்டது. இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மற்றவர்களும் குடித்துப் பார்த்தார்கள். கால்மணி நேரம் கழித்து, வயிற்றிலிருந்த காற்று ஏப்பமாக வெளியேறியதும் அவரவர் குரல் அவரவருக்குத் திரும்பியது. செத்த வீட்டில் இதைப் பெரிதுபடுத்துவது அழகில்லை என்று எல்லாரும் பேச்சை மழைக்கு மாற்றினார்கள்.

கொட்பிறி புலம்பெயர்ந்து வந்த மன்னார்க்காரர். செவன் ஹில்ஸில் ஒரு வெயர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். மதுவைத் தொடமாட்டார், அந்தக் குறையை ஜிஞ்சர் பியரால் தீர்த்துக்கொண்டார். தோல் சீவாத இஞ்சியைத் துருவிக் கண்ணாடிச் சாடியில் போட்டு, சீனியும் தண்ணீரும் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார். பிறகு தினமும் ஒரு கரண்டி இஞ்சி, ஒரு கரண்டி சீனி. ஏழாம் நாள் அது நுரைத்துச் சீறும். வடித்தெடுத்து, தேசிக்காய்ச் சாறும் சீனித் தண்ணீரும் கலந்து போத்தலில் அடைப்பார். இரண்டு நாள் வெளியே வைத்து, புளித்து மதுவாகிவிடுமுன் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுவார். சாடியின் அடியில் தங்கும் மண்டியில் பாதி அடுத்த வாரத்துக்கு, மறுபாதி கேட்கிறவர்களுக்கு. அந்த மண்டியை வாங்கிப்போனவர்கள் வீட்டிலும் ஜிஞ்சர் பியர் நன்றாகவே வந்தது. ஆனால் குரல் என்னவோ கொட்பிறியின் சாடிக்கு மட்டும்தான்.

மனைவி யசிந்தாவுக்கும் அவருக்கும் இருந்த ஒரே பிணக்கு போத்தல்தான். பிளாஸ்டிக் என்றால் அமத்திப் பார்த்துக் காற்றை விடலாம் என்பார் யசிந்தா. கண்ணாடியில்தான் ருசி என்பார் கொட்பிறி. அவர் செத்த அன்று விடியற்காலை இரண்டு கண்ணாடிப் போத்தல்கள் வெடித்து, அரிசி மூட்டையும் யசிந்தா அயர்ன் பண்ணித் தொங்கவிட்டிருந்த சேலையும் ஒன்றாக நனைந்தன. "உந்தச் சாடியோடயே போய்க் குடும்பம் நடத்துங்கோ" என்று யசிந்தா கத்தினார். கொட்பிறி காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். இருபத்தாறு வருடத்தில் ‘போட்டு வாறன்’, அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லாமல் அவர் வேலைக்குப் போனது அன்றைக்கு மட்டும்தான். ஒன்பதரைக்கு மாரடைப்பு. சொல்லாமல் போனதால்தான் வராமல் போனார் என்று யசிந்தா நம்பினார். பங்குச் சுவாமியார் சொல்லியும் டொக்டர் சொல்லியும் அந்த நினைப்பு அசையவில்லை. ஆகவே, கணவரின் குரல் போத்தலில் மிச்சமிருக்கிறது என்று தெரிந்த நாள்முதல் யசிந்தா அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்.

ஆனால் செத்த வீட்டிலிருந்து புறப்படும்போது யாரும் அதைச் சொல்வதில்லை. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாகிவிடும். முப்பத்தோராம் நாள் பூசை வரை வந்தவர்கள் எல்லாரும் குடித்தார்கள், கொட்பிறியின் குரலில் செபமாலை சொன்னார்கள், பிந்தி வரும் ரயில்களைத் திட்டினார்கள், பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் போனார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களால் வேறு வில்லங்கம். நம்மவர்களில் எவர் கால்மணி நேரத்தில் எழும்பியிருக்கிறார்? எழும்பினாலும் வாசலில் அரைமணிக் கதை இருக்கும். ஏப்பம் எப்போதும் முந்திக்கொண்டது. குடித்த கையோடு கிளம்புங்கள் என்று வந்தவர்களை விரட்டவும் முடியாது. பக்கத்து வீட்டு நரசிம்மன் திருச்சிக்காரர், சொன்ன நேரத்துக்குப் புறப்படும் அபூர்வ மனிதர். அவர் கொட்பிறியின் குரலில், ஆனால் தன் ஊர்ப் பேச்சில், "போயிட்டு வர்றேங்க" என்றார். கொட்பிறி இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். மகள் ஜெசிக்கா மெல்பேர்னுக்கு வேலைக்குத் திரும்பிய அன்று அரைக் கிளாஸ் குடித்துவிட்டு, அப்பாவின் குரலில் "லவ் யூ அம்மா, பாய்" என்று சொல்லிக் காரில் ஏறினாள். கடைசியில் யசிந்தா வெட்கத்தை விட்டுக் கமலினி அன்ரியிடமே கேட்டார். அன்ரி குடித்துவிட்டு, கதிரையில் உட்கார்ந்தபடியே, கேட்ட சொல்லைக் கேட்ட குரலில் மூன்று தரம் சொன்னார். எங்கும் புறப்படாத ஒருவர் சொன்னதால் அது யசிந்தாவின் நெஞ்சில் ஏறவில்லை. அன்ரி போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதார்.

மூன்று வருடம் போனது. யசிந்தா சாடிக்கு இஞ்சியும் சீனியும் போடுவதை ஒருநாளும் தவறவிடவில்லை. குழாய் திருத்த வந்த வெள்ளைக்காரர் ஒருவர், உயிரோடிருந்த கொட்பிறி ஒருநாளும் பேசியிராத அழகான ஆங்கிலத்தைக் கொட்பிறியின் குரலில் பேசிவிட்டுப் போனார்.

சென்ற பெப்ரவரியில் தனுஜன் வந்தான். கொட்பிறியோடு வேலை செய்தவன். யசிந்தாவுக்குத் தம்பி மாதிரி. படகில் வந்து பதின்மூன்று வருடமாகத் தற்காலிக விசாவில் இருந்தான். வெளியே போனால் திரும்ப உள்ளே விடாத விசா அது. மனைவியின் வயிற்றில் விட்டுவிட்டு வந்த மகள் ஊரில் பெரிய பிள்ளையாகிவிட்டாள். தகப்பனை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. இனிக் காத்திருக்க ஏலாது, ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்று தானே கையெழுத்து வைத்துவிட்டான். விமானம் அன்று பின்னேரம். சூட்கேஸ் காரில் இருந்தது, ஓட்டி வந்த நண்பர் இஞ்சினை நிறுத்தவே இல்லை. நாற்பத்தொரு பாகை வெயில். யசிந்தா வழக்கம்போல ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். தனுஜன் வாசலில் நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தான். ஹோர்ன் அடித்தது. அவன் படியிறங்கித் திரும்பினான்.

"நேரமாச்சு. போட்டு வாறன்."

யசிந்தா கதவைப் பிடித்துக்கொண்டார். அதே குரல், அதே அவசரம். இவன் வரமாட்டான். அது அவனுக்கும் தெரியும், யசிந்தாவுக்கும் தெரியும். சொல்லிவிட்டுப் போகிறவர்களும் வராமல்தான் போகிறார்கள் என்பது அந்த வெயிலில் யசிந்தாவுக்கு விளங்கியது. கொட்பிறி அன்றைக்குச் சொல்லியிருந்தாலும் ஒன்பதரை மணி வந்துதானிருக்கும். மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்த பாரம் அப்போது இறங்கியது. பாரம் போன இடத்தில் வெறும் துக்கம் மட்டும் இருந்தது.

"ஓம், கவனமாப் போட்டு வாங்கோ" என்றார். தனுஜனோடு அவர் ஒருநாளும் ‘வாங்கோ’ போட்டுப் பேசியதில்லை. தனுஜன் அதைக் கவனித்தான். தலையை ஆட்டிவிட்டுப் போய்க் காரில் ஏறினான்.

அந்த வீட்டில் குடிப்பவர்களுக்கு இன்றைக்கும் கொட்பிறியின் குரல்தான் வருகிறது. ஏப்பத்தோடு போய்விடுகிறது. யசிந்தா குசினியில் வேலையாக இருந்தால், இப்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பதில்லை.