உச்சிவேளை ஆறு

உச்சிவேளையில் நம் தலைக்கு மேலே ஓர் ஆறு ஓடுகிறது. நூறு கிலோமீட்டர் உயரத்தில். தண்ணீர் கிடையாது, முழுக்க மின்சாரம். வெயில் ஏற ஏற மேற்கிலிருந்து கிழக்கே பெருகும், பொழுது சாய்ந்தால் வற்றிவிடும். கண்ணுக்குத் தெரியாது. கீழே பூமியின் காந்தப்புலம் லேசாக மாறுவதை வைத்துத்தான் அளக்க வேண்டும். அந்த ஆற்றின் நடு திருநெல்வேலிப் பக்கம். வடகரை எங்கே என்று பார்க்கத்தான் காணை கிராமத்தில், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்ட ஒரு கொல்லையில் குழி வெட்டிக் காந்தமானியைப் புதைத்திருந்தேன். தள்ளி, வேப்பமரத்தடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தால் திரையில் கோடு மெல்ல மெல்ல ஏறும். நானே மிதப்பது மாதிரி இருக்கும்.

ஆனால் சரியாக உச்சிவேளையில் கோடு துள்ளும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கொல்லைக்காரர் சீனுவாசனின் மனைவி அருணா, நிறைமாத வயிற்றோடு, குழியை ஒட்டிய வரப்பில் அவருக்குச் சோறு எடுத்துப் போவாள். இடுப்பில் அரிவாள்.

"அந்த இரும்பாலதான் அருணா எல்லாம் கெடுது."

"உச்சியில வெறுங்கையோட போவக் கூடாது ஃபஸீஹாக்கா. காத்து கருப்பு சுத்திக்கினு இருக்கும். போன புள்ள தங்கல." வயிற்றைத் தடவிக்கொண்டாள். "அப்படி இன்னாதான்க்கா பாக்கறீங்க?"

ஆற்றைச் சொன்னேன். வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றாள்.

"இம்மா நாளா அதுக்கு அடியிலயா நடந்துக்கினு இருந்தேன்!"

பேயாவது பிசாசாவது என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் கோடு துள்ளவில்லை. வழவழவென்று ஏறி, உச்சி தாண்டி இறங்கியது. நான் ஏங்கிக் கிடந்த கோடு. அப்படியென்றால் அருணா இன்று வரவில்லையா? எழுந்து ஓடினேன். குழிக்கு வெகு முன்பே, வரப்போரம் அரிவாள் கிடந்தது. எனக்காக அதை வைத்துவிட்டு, வெறுங்கையோடு கடந்து போயிருக்கிறாள்.

மோட்டார் கொட்டகையில் சோற்றுத் தூக்கு மட்டும் இருந்தது. பக்கத்துக் கொல்லை தாண்டவராயன் கத்தினார்: "வலி வந்துடுச்சுங்க! முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிட்டாங்க!"

யா அல்லாஹ், என் கோட்டுக்காக அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. ஸ்கூட்டியில் வழியெல்லாம் அழுதேன்.

பொழுது சாய்கிற நேரம். வார்டில் அருணா சோர்ந்து படுத்திருந்தாள். பக்கத்தில், துணிக்குள்ளிருந்து ஒரு சின்ன வாய் கொட்டாவி விட்டது.

"பொண்ணுக்கா," என்றாள். "கோடு நல்லா வந்துச்சா?"

தலையாட்டினேன். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும், துப்பட்டாவுக்குள்ளிருந்து அரிவாளை எடுத்து அவள் தலையணைக்கு அடியில் வைத்தேன்.