மேல்படியில் சிவப்பு

…துருதான், வேறென்னவாக இருக்கும், நேற்றுக் காலையில் கூட்டும்போது இல்லாத சிவப்பு இன்றைக்கு நீச்சல் குளத்தின் மேல்படியில் உள்ளங்கை அகலம் படர்ந்து கிடக்கிறதென்றால், உள்ளே இருக்கிற கம்பி துருவைக் கக்கத் தொடங்கிவிட்டது என்றுதானே அர்த்தம், நளினி கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் குந்தினாள், தண்ணீர் இரண்டு படி கீழேதான் நின்றது, வீட்டை விற்றவன் பாதியை இறைத்துவிட்டுப் போயிருந்தான், ஊரில் இல்லாத அதிசயமாகக் குளம் வைத்த பழைய வீட்டைப் பிடித்தாளே, வீட்டை வாங்கினாளா குளத்தை வாங்கினாளா என்று கேளுங்கள் என்று நேற்றுப் புதுமனைப் பந்தியில் ரங்கசாமி எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தார், சிரிக்கட்டும், கட்டின புருஷனுக்குத் தெரியாதா எதற்காக வாங்கினாள் என்று… தெரியும், தெரிந்ததால்தான் அந்தச் சிரிப்பு. காலையில் இந்தச் சிவப்பைக் காட்டியபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை, பந்திக்கு இரவல் வாங்கிய கோயில் நாற்காலிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு, வந்து பார்க்கிறேன் என்று போய்விட்டார்.

கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே நகர்ந்தாள், பூச்சு ஒட்டியிருந்தால் கெட்டியாகக் கேட்கும், விட்டுப்போயிருந்தால் பொள்ளலாகக் கேட்கும் என்று பூல் கடை குகன் சொல்லியிருந்தான், டொக்… கெட்டி, டொக்… இதுவும் கெட்டி, பாசாரில் தேங்காயைத் தட்டித் தட்டி வாங்கியவளுக்கு இது ஒரு வித்தையா, தடவினால்தான் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கிறது, வயதான பூச்சு, சொரசொரக்காமல் என்ன செய்யும், அவளுடைய குதிகால் மட்டும் என்ன வெண்ணெயா. சோதனைப் பட்டையைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள், குளோரின் கட்டம் வெளுப்பாகவே இருந்தது, மருந்து ஒரு துளிகூட மிச்சமில்லை, காரத்தைக் காட்டும் கட்டமோ ஒப்பிட்டுப் பார்க்கிற அட்டையின் கடைசி நிறத்தையும் தாண்டிப்போயிருந்தது, போன வாரம் குகன் மேல்படி விரிசலில் புதுப் பூச்சு அடைத்தானே, அதன் சுண்ணாம்பு மழையில் இறங்கியிருக்கும், காரத்தை மருந்து போட்டு இறக்கிவிடலாம், துருவை எதைப் போட்டு இறக்குவது? மகன் யுகேந்திரன் நீந்த வேண்டிய தண்ணீர் இது. பெர்த்திலிருந்து போன தடவை வந்தவன், அவள் நண்டுக் குழம்பு வைத்து, அறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டுக் காத்திருக்க, பையை ஹோட்டலில் இறக்கிவிட்டு வந்து நின்றான், தப்பா நெனைக்காதீங்கம்மா, காலைல நீந்தலனா எனக்கு ஒடம்பே கேக்காது, அங்க பூல் இருக்குலா… அவ்வளவுதானே, குளம்தானே குறை, என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பள்ளிக்கூட நாளில் டவுன் குளத்தின் கரையில் துண்டோடு நிற்பாள், மூக்கு சிவக்க ஏறி வருவான், தலை துவட்டும்போது குளோரின் வாடை குப்பென்று வரும், அந்தத் தலையை இன்னொரு தரம் துவட்ட வேண்டும், ஒரே ஒரு தரம், கை ஏங்கிப்போய்க் கிடக்கிறது. டிசம்பர்ல வாய்யா, நம்ம வீட்டுலயே பூல் இருக்கு என்று போனில் சொன்னபோது, அப்படியாம்மா, பாக்கலாம்மா, மொதல்ல பூல் நல்லா இருக்கானு பாருங்க, பழசுனா ஒடைச்சுத்தான் கட்டணும் என்றான். பார்க்கலாம் என்றால் வருவேன் என்றுதானே அர்த்தம்?

குகனைக் கூப்பிட்டாள். ஆன்ட்டி, வைட்டமின் சி மாத்திர இருக்கா, நனைச்சுக் கறையில தேச்சுப் பாருங்க, வெளுத்துச்சுனா மேல ஒட்டுன துரு, பயமில்ல, அப்படியே நின்னுச்சுனா கம்பிலேருந்து வருது, மொத்தமா ஒடைக்கணும், டிசம்பருக்குள்ள சான்ஸே இல்ல ஆன்ட்டி என்றான். ரங்கசாமியின் மருந்து டப்பாவிலிருந்து வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்து வந்து, நனைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள், உதடு தன்பாட்டுக்கு எதையோ முணுமுணுத்தது, மாரியாத்தா பேராக இருக்கும், தேய்த்தாள்… வெளுக்கவில்லை, அப்படியே நிற்கவும் இல்லை, மஞ்சளானது. சிவப்பு இருந்த இடத்தில் மாத்திரை போன வழியெல்லாம் பளிச்சென்று மஞ்சள், இதென்ன கூத்து, துரு எங்கேயாவது மஞ்சளாகுமா… மஞ்சள்! முனியாயி அண்ணி! நேற்றுப் பூசை முடிந்ததும் ரங்கசாமியின் அக்காள் கலசத்து மஞ்சள் தண்ணீரை ஏந்திக்கொண்டு, தீர்த்தத்த கால் படுற எடத்துல ஊத்தக் கூடாது நளினி, வாழமரமும் இல்ல, துளசியும் இல்ல, நான் ஒம் பூல்லயே ஊத்திர்றேன், கங்கையில சேர்ந்த மாதிரி, என்று பின்கட்டுக்குப் போனாளே, பாதி கங்கைக்கும் பாதி படிக்குமாகப் போயிருக்கிறது, கால் படக் கூடாது என்று கால் வைக்கிற படியிலேயே ஊற்றியிருக்கிறாள் மகராசி, அங்கேதான் குகன் அடைத்த புதுப் பூச்சின் சுண்ணாம்பு, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும், ஆரத்தி கரைக்கிற கைக்கு இது தெரியாமல் போயிற்றே, மாத்திரைப் புளிப்பு பட்டதும் மறுபடி மஞ்சளாகிவிட்டது.

நளினி சத்தமாகவே சிரித்துவிட்டாள், கம்பிக்கு ஒன்றுமில்லை, பூச்சு கெட்டி, மருந்து போட்டுத் தண்ணீரை நிரப்பினால் டிசம்பர் என்ன, அடுத்த வாரமே நீந்தலாம், ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள், பூல் நல்லா இருக்குய்யா என்று எழுதினாள், அனுப்பப் போன விரல் அப்படியே நின்றது… ஹோட்டலில் குளம் இருந்தது, அங்கே தங்கினான், நம் வீட்டில் குளம் இல்லை, தங்கவில்லை, சரிதான், இப்போது குளம் இருக்கிறது, குளத்தில் குறையும் இல்லை, இதற்குப் பிறகும் அவன் வராவிட்டால் எதன்மேல் பழியைப் போடுவது? தேய்க்கும்போது முணுமுணுத்தது மாரியாத்தா பேர் இல்லையே, வெளுக்காதே, வெளுக்காதே என்றல்லவா உதடு சொல்லிக்கொண்டிருந்தது… ஐயோ, பெற்றவள் அப்படியும் வேண்டுவாளா. வாசலில் லாரி வந்து நின்றது, ரங்கசாமி கேட்டைத் திறந்தபடியே, என்னா நளினி, துருதானா, என்று கேட்டார். அவள் எழுதியதை அழித்தாள், காலை நீட்டி, மஞ்சளான இடத்தைப் பாதத்தால் மூடிக்கொண்டாள், இன்னும் தெரியலங்க, என்றாள்.