அஜித்தா இல்லாத வாரம்

ஜெனோஜா லண்டன் லூயிஷாமில் ஓர் இளையோர் நிலையத்தில் வேலை செய்கிறாள். ஒவ்வொரு கோடையிலும் சில பிள்ளைகளை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய், அந்நாட்டுப் பிள்ளைகளோடு ஒரு வாரம் தங்கவைத்துத் திரும்பக் கொண்டுவருவது அவள் பொறுப்பு. போகிறவர்கள் எப்போதும் ஒரே மாதிரியானவர்கள்தான். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிற பிள்ளைகள். அதை மாற்ற வேண்டும் என்று நிலையத்தின் பொறுப்பாளர் பாலேந்திரா அவளை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். "வராத பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். எது தடுக்கிறது என்று கேளுங்கள்" என்று அங்கே சொன்னார்கள். அதைக் கேட்டபோதே ஜெனோஜாவுக்கு அஜித்தாவின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

அஜித்தாவுக்குப் பதினெட்டு வயது. நிலையத்துக்கு வந்தாலும் ஜாக்கெட்டைக் கழற்றமாட்டாள். அரைமணி நேரம் இருந்துவிட்டு வீட்டுக்கு ஓடுவாள். வீட்டில் தாய் தவமலர் தனியாக இருந்தாள். போர் முடிந்த பிறகு, வவுனியாவில் ஒரு விடியற்காலை கதவைத் தட்டியவர்கள் தவமலரின் கணவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. கைப்பிள்ளையோடு லண்டன் வந்து சேர்ந்தும் தவமலருக்கு அந்தக் காலை முடியவேயில்லை. மருந்து கொடுப்பது, குளிக்க வார்ப்பது, கவுன்சிலோடு கதைப்பது எல்லாம் பத்து வயதிலிருந்து அஜித்தாவின் வேலை.

"இந்த முறை நீயும் எங்களோட வாவன்" என்று ஜெனோஜா கேட்டாள்.

"நான் வந்தா அம்மாவை ஆர் பாக்கிறது?"

"அதுக்கு ஒராளைப் பிடிச்சால்?"

அஜித்தா சிரித்தாள். "அக்கா, நீங்கள் அம்மாவோட ஒரு நாள் இருந்து பாத்ததில்லை."

ஜெனோஜா விடவில்லை. கவுன்சிலோடு பல தடவை கதைத்து, பராமரிப்பு ஏஜென்சி ஒன்றின் மூலம் மேரிசாந்தி என்ற மன்னார்ப் பெண்ணை ஒழுங்கு செய்தாள். மேரிசாந்தி நிதானமானவள். ஒரு மாதம் வந்து போனதில் தவமலர் அவளோடு பழகிவிட்டாள். அஜித்தா அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: கதவைத் தட்டக்கூடாது. கதவில் கடிதம் போடுகிற துவாரத்தருகே குனிந்து பெயரைச் சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

தெளிவாக இருந்த ஒரு நாளில் தவமலரே சொன்னாள். "பிள்ளை போயிட்டு வரட்டும். அவள் ஒரு இடமும் போனதில்லை."

அதைக் கேட்ட பிறகு ஜெனோஜாவுக்குத் தயக்கமே இல்லாமல் போனது.

போலந்தில் ஒரு ஏரிக்கரையில் தங்கினார்கள். முதலிரண்டு நாளும் அஜித்தா போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. மேரிசாந்தி அடிக்கடி அழைத்து, தாய் சாப்பிட்டதையும் உறங்கியதையும் சொன்னாள். பிறகு ஒரு காலை அஜித்தா ஒன்பது மணிவரை தூங்கினாள். அன்று பின்னேரம் மற்றப் பிள்ளைகளோடு தண்ணீரில் இறங்கினாள். போலந்துப் பெண்ணொருத்தி அவளுக்கு மிதக்கப் பழக்கினாள். அவள் வாய்விட்டுச் சிரித்த சத்தத்தை ஜெனோஜா முதன்முதலாக அங்கேதான் கேட்டாள். பயிற்சியில் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மேரிசாந்திக்குக் காய்ச்சல். அவள் ஏஜென்சிக்குச் சொன்னாள். ஏஜென்சி வேறொரு பெண்ணை அனுப்பியது. அவள் நேரத்துக்கு வந்து, எல்லோரும் செய்வது போல மரியாதையாகக் கதவைத் தட்டினாள். பதிலில்லை. உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்கவே, நோயாளிக்கு என்னவோ ஆகிவிட்டதென்று பயந்து, ஆங்கிலத்தில் கூப்பிட்டபடி உள்ளங்கையால் பலமாக அடித்தாள். தவமலர் பின்பக்க ஜன்னலால் இறங்கித் தப்பப் பார்த்தாள். வீடு இரண்டாம் மாடியில் இருந்தது.

பாலேந்திரா ஜெனோஜாவை அழைத்துச் சொன்னபோது பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அஜித்தாவின் தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. ஜெனோஜா அவளை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னாள். உயிருக்கு ஆபத்தில்லை என்பதை முதலில் சொன்னாள்.

அஜித்தா அழவில்லை. "கதவைத் தட்டினவையோ?" என்று மட்டும் கேட்டாள்.

ஜெனோஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டக்கூடாது என்பது மேரிசாந்திக்குத் தெரியும். ஏஜென்சிக்கு அதை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் ஜெனோஜாதான். மேரிசாந்தியைத் தவிர இன்னொருத்தி அந்த வாசலுக்கு வரக்கூடும் என்று அவள் நினைத்துப் பார்க்கவேயில்லை.

"ஓம்" என்றாள். "நான் ஏஜென்சிக்குச் சொல்லாம விட்டிட்டன்."

அஜித்தா அவளைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தன் பையை அடுக்கத் தொடங்கினாள்.

லண்டன் ஆஸ்பத்திரியில் தவமலரின் இடுப்பெலும்புக்குக் கம்பி வைத்திருந்தார்கள். வாசலில் மகளைக் கண்டதும் அவள் கட்டிலில் பின்னுக்கு நகர முயன்றாள்.

"இவள்தான் காட்டிக்குடுத்தவள். நான் தனிய இருக்கிறன் எண்டு அவங்களுக்குச் சொல்லிப்போட்டுப் போனவள்."

தாதிமாருக்குத் தமிழ் விளங்கவில்லை. நோவில் கத்துகிறாள் என்று நினைத்தார்கள். அஜித்தா சுவரோடு சாய்ந்து நின்றாள்.

நாளானால் மாறும் என்றார்கள். மாறவில்லை. மாடிப்படி ஏற முடியாததால் தவமலரை ஸ்ட்ரெதமில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். மற்ற எல்லோரோடும் அவள் அமைதியாக இருந்தாள். மகளைக் கண்டால் மட்டும் அலறினாள். கொஞ்ச நாளைக்கு அறைக்குள் வரவேண்டாம் என்று இல்லத்தில் அஜித்தாவைக் கேட்டுக்கொண்டார்கள்.

இலையுதிர் காலத்தில் ஜெனோஜாதான் மற்ற நிலையங்களின் இளைஞர் பணியாளர்களுக்கு அதே பயிற்சியைக் கொடுக்க வேண்டியிருந்தது.

"எனக்கு ஏலாது அண்ணை" என்றாள்.

"உம்மை விட்டா வேற ஆர் இருக்கினம்?" என்றார் பாலேந்திரா.

பயிற்சியின் நடுவில் நிசாந்தன் என்ற இளைஞர் பணியாளன் கேட்டான். "எங்கட இடத்தில ஒரு பிள்ளை படுக்கையில கிடக்கிற வருத்தக்காரத் தகப்பனைப் பாக்குது. அவளைக் கூட்டிக்கொண்டு போகலாமோ?"

ஜெனோஜா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். பெயரை மட்டும் சொல்லவில்லை. "கூட்டிக்கொண்டு போங்கோ. ஆனா அந்த வீட்டோட ஒராள் இல்லை, மூண்டு பேராவது பழகும்வரைக்கும் டிக்கெட் எடுக்காதேங்கோ. அந்த வீட்டில எது பயம் எண்டு ஏஜென்சியில இருக்கிற எல்லாருக்கும் சொல்லுங்கோ."

அடுத்த வாரம் பாலேந்திரா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "நிசாந்தன் அந்தப் பிள்ளையை விட்டிட்டு வேற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறாராம். நீர் சொன்னது பொய் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா அவை துணிவு தேடி வந்தவை. நீர் பயத்தைக் குடுத்து அனுப்பியிருக்கிறீர்."

ஜெனோஜா நிசாந்தனை அழைத்துப் பேசினாள். "நீங்கள் சொன்னதைக் கேட்டாப் பிறகு எனக்கு நித்திரை இல்லை அக்கா" என்றான் அவன். சொல்லாமல் விட்டு ஒரு வீடு உடைந்தது. சொன்னதால் இன்னொரு பிள்ளை வீட்டிலேயே நிற்கப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் ஜெனோஜா ஸ்ட்ரெதமுக்குப் போகிறாள். அஜித்தா சோறும் பருப்பும் குழையப் பிசைந்து டப்பாவில் கொண்டுவந்து, அறையிலிருந்து தெரியாத இடமாகப் பார்த்து இல்லத்தின் நடைகூடத்தில் உட்கார்ந்திருப்பாள். டப்பாவை வாங்கிக்கொண்டு ஜெனோஜா உள்ளே போவாள்.

ஒரு ஞாயிறு தவமலர் கேட்டாள். "ஆர் சமைச்சது?"

"நான்தான் அன்ரி."

"நல்லாக் கிடக்கு" என்று இன்னொரு வாய்க்குத் திறந்தாள்.

வெளியே வந்ததும் அஜித்தா எழுந்தாள். "சாப்பிட்டவவோ?"

"முழுக்கச் சாப்பிட்டவ. நல்லாக் கிடக்கெண்டு சொன்னவ."

"ஆர் சமைச்சதெண்டு கேட்டவவோ?"

"கேட்டவ. நான் எண்டு சொன்னன்."

அஜித்தா வெறும் டப்பாவை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

"ஓம் அக்கா, அப்பிடியே சொல்லுங்கோ" என்றாள். இருவரும் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார்கள்.