தாசில்தார் வந்த பாட்டு

புருஷன் பொன்னுத்துரையிடமிருந்து கடைசிக் கடிதம் வந்து நூற்றிரண்டு நாளாகியிருந்தது. கருப்பம்மா நாளை எண்ணுவதை விடவில்லை. அதையும் விட்டுவிட்டால் அவளுக்கு வேறென்ன இருக்கிறது?

இலங்கைத் தோட்டத்தில் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் அவனுக்கு வேலை. கணக்கப்பிள்ளை படித்துப் போட்ட பேப்பரைத் தினமும் எடுத்து வந்து, அதிலிருக்கும் சொற்கட்டத்துக்கு ஐந்து விடையையும் கண்டுபிடிப்பான். அத்தோடு விடுகிற ஆளா அவன்! அந்த ஐந்து சொல்லையும் போட்டு ஒரு பாட்டுக் கட்டி, காலைப் பிரட்டில் பேர் கொடுக்க ஆட்கள் வரிசை நிற்கும்போது எடுத்து விடுவான். கங்காணி திட்டுவார். திட்டிக்கொண்டே அவரும் சிரிப்பார்.

எழுபத்தேழில் கருப்பம்மாவுக்கும் மகள் ஆண்டாயிக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. அவன் பெயர் அண்ணன் குடும்பத்து மனுவில் மாட்டிக்கொண்டு வரவில்லை. "அடுத்த கப்பல்ல வந்துருவேன் புள்ள" என்றான். ஆறு வருஷத்தில் எத்தனையோ கப்பல் வந்துவிட்டது. இவர்கள் வந்து சேர்ந்த நீலகிரி பந்தலூர்த் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கு அவன் வரவில்லை, வாரம் ஒரு பாட்டுத்தான் வந்தது. விடைகள் எவையென்று எழுத மாட்டான். கருப்பம்மாதான் அந்த ஐந்தையும் கண்டுபிடித்து, கோடு போட்டு, பதில் எழுத வேண்டும். நடுவில் கடல் கிடந்தால் புருஷனும் பெண்டாட்டியும் வேறு எப்படித்தான் குடித்தனம் நடத்துவது?

ஆமை ஏறுது ரயிலிலே,
மாமனார் நிக்கிறார் வெயிலிலே,
சட்டியில் கூழு ஆறிப்போச்சு,
கொசுதான் நிக்குது வரிசையிலே!

இதை நினைத்து மலைச்சரிவில் தனியாகச் சிரித்து, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

எண்பத்து மூன்று ஆடியில் அங்கே கலவரம். லயங்களுக்குத் தீ வைக்கிறார்கள் என்று ரேடியோ சொன்னது. அன்றோடு சரி, கடிதம் இல்லை. தபால்காரர் இவளைத் தூரத்தில் கண்டாலே வேறு பாதையில் இறங்கிவிடுவார். பாவம், அவரும் எத்தனை தடவைதான் இல்லையென்று சொல்வார்! சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. மண்டபம் முகாமுக்குப் போய், கப்பலில் வந்திறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து விசாரிப்பதென்று முடிவு கட்டிவிட்டாள். லீவும் சொல்லியாயிற்று. திங்கட்கிழமை காலையில் பஸ்.

ஞாயிற்றுக்கிழமை பந்தலூர் கடைவீதிக்குப் போன ஆண்டாயி ஒரு மடித்த தாளோடு திரும்பினாள்.

"எல்லப்பன் மாமா குடுத்தாரும்மா. அப்பா லயத்துல பக்கத்து வீட்டுக்காரரு, இப்ப கப்பல்ல வந்துட்டாராம். அப்பாவுக்குக் கையில காயமாம். அப்பா சொல்லச் சொல்ல மாமா எழுதிக் கொண்டாந்தாராம்."

தபாலை நம்பாமல், கப்பலேறுகிறவர் கையில் கடிதம் கொடுத்தனுப்புவது அவர்களுக்குள் உள்ள வழக்கம்தான். கருப்பம்மா தாளைப் பறித்தாள். எழுத்து கோணல்மாணலாக, பழகாத கையாக இருந்தது.

பூசணிக்காய்க்குக் கல்யாணம்,
புதுக்குடை பிடிக்குது ஆடு;
தாசில்தார் தவில் அடிக்கிறார்,
தாளம் தவறினா ஓடு!

வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது. உயிரோடு இருக்கிறான், பாவி மனுஷன், கையில் காயம் பட்டும் கொழுப்பு அடங்கவில்லை! பென்சிலை எடுத்து உட்கார்ந்தாள். பூசணிக்காய்க்குக் கோடு போட்டாள். குடைக்குப் போட்டாள். ஆட்டுக்கும் தவிலுக்கும் போட்டாள். மிச்சம் ஒன்று. பென்சில் அங்கேயே நின்றுவிட்டது.

"இனி மண்டபம் போக வேணாம்தானேம்மா? சோறு போடட்டுமா?" என்றாள் ஆண்டாயி.

"அங்க ஏதுடி தாசில்தாரு?"

இலங்கையில் தாசில்தார் கிடையாது. அங்கே இருப்பது கச்சேரி என்கிற ஜில்லா ஆபீஸ், அதில் உட்கார்ந்திருப்பவர் ஜீ.ஏ. என்கிற அரசாங்க அதிபர். குடும்ப அட்டையைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றபோதுதான் கருப்பம்மாவே தாசில்தார் என்ற பெயரைக் கேட்டாள். இலங்கைப் பேப்பரின் கட்டத்தில் அது எப்படி விடையாக வரும்? பதினோரு வயதில் இங்கே வந்து, இங்கத்துப் பேப்பரைப் படித்து வளர்ந்த பெண்ணுக்கு அது தோன்றவில்லை.

ஆண்டாயி எடுத்த தட்டோடு அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"நீதானே எழுதுன?"

ஆண்டாயி ஆமென்று தலையசைத்தாள்.

"எல்லப்பன் வந்தது நெசமா?"

"நெசந்தாம்மா."

"என்ன சொன்னாரு?"

ஆண்டாயி தட்டைக் கீழே வைத்தாள். "தீ வச்ச அன்னிக்கு அப்பா வெளிய வரலையாம். மாமா கண்ணால பாத்தாராம். உன்கிட்ட சொல்ல அவருக்கு வாய் வரல, எங்கிட்ட சொல்லிட்டுப் போயிட்டாரு. நீ மண்டபம் போனா யாராச்சும் சொல்லிருவாங்கன்னுதான்..."

"எல்லப்பன் எப்ப வந்தாரு?"

"நாப்பது நாளாச்சு."

கருப்பம்மாவுக்குத் தன் குரலே யாருடையதோ போலக் கேட்டது. "நாப்பது நாளா நான் பூவும் பொட்டுமா கொழுந்தெடுக்கப் போனேனே. அந்த மனுஷனுக்கு ஒரு கருமாதி இல்ல, ஒரு பிடி எள்ளுத் தண்ணி இல்ல. பாத்துக்கிட்டா இருந்த?"

"தெனமும் பாத்தேம்மா" என்று தேம்பினாள் ஆண்டாயி. "காலையில நீ கண்ணாடி முன்னால நின்னு பொட்டு வைப்பியே, அப்பல்லாம் அப்பா இருக்காருன்னே எனக்குத் தோணும்."

கருப்பம்மா கையை ஓங்கினாள். அடிக்கத்தான் ஓங்கினாள். அந்தக் கை மகளின் தலையில் விழுந்து, அவளை நெஞ்சோடு இழுத்துக்கொண்டது. நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது. அதை அழிக்க அன்று அவளுக்குத் தெம்பில்லை.