எருமப்பட்டிக் கிழங்கு பற்றிய கட்டுரை

மெட்ராஸில் நூலகராக இருந்த நண்பர் சுவாமிநாதனின் தபால் வந்தபோது சண்முகவேலுக்கு முதலில் சந்தோஷம்தான். "உங்கள் குச்சிக்கிழங்குக் கட்டுரையை இன்னொருவர் மேற்கோள் காட்டியிருக்கிறார். நகல் இணைத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தார். சேலத்துக் கல்லூரியில் உயிர்வேதியியல் விரிவுரையாளரான சண்முகவேலுக்கு அடுத்த வாரம் ரீடர் பதவி உயர்வுக்கான நேர்முகம். 1984இல் அப்படி ஒரு மேற்கோள் கூடுவது லேசான காரியமல்ல.

நகலைப் படித்ததும் அந்தச் சந்தோஷம் போயிற்று.

குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியில் இயல்பாகவே சயனைடு நஞ்சு உண்டு. தோலை ஊறப்போட்டுப் பிழிந்தால் அது மாடு தின்னும் அளவுக்குக் குறைந்துவிடும் என்று அவர் முன்பு எழுதியிருந்தார். அவருடைய மற்றக் கட்டுரைகளை யாரும் சீண்டியதில்லை. இதை மட்டும் பல தேசத்தார் எடுத்துக்காட்டினார்கள். இப்போது நைஜீரியாவிலிருந்து ஒருவர், அதே முறையில் செய்து பார்த்தும் நஞ்சு சண்முகவேல் சொன்னதைப்போல் நான்கு மடங்கு மிஞ்சுகிறது, காரணம் புரியவில்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்.

மறுநாளே எருமப்பட்டிக்குப் பஸ் ஏறினார். அன்றைக்குச் சோதித்த கிழங்கெல்லாம் தங்கை பாவாயியின் காட்டில் பிடுங்கியவை.

"ஏனுங்கண்ணா, ஒரு வார்த்தை சொல்லியுடாம வந்து நிக்கறீங்க? அண்ணி சண்ட போட்டாங்களா?" என்றாள் பாவாயி.

"கிழங்கு வேணும் சாமி. முன்ன குடுத்த மாதிரியே."

அவள் மகிழ்ந்துபோய்க் கிணற்றோரம் இறங்கினாள். சண்முகவேல் பின்னாலேயே போனார். வரப்புக்கு அந்தப் பக்கம் ஏக்கர் கணக்கில் கிழங்கு நிற்க, அவள் கிணற்றடியில் இருந்த நாலைந்து செடியை மட்டும் பிடுங்கினாள்.

"அதுல புடுங்கலியா?"

"அது சேகோ ஆலைக்கு ஜவ்வரிசி மாப்பிழியப் போறதுங்கண்ணா. ஒரே கசப்பு. இது நாங்க அவிச்சுத் திங்கறது."

"எனக்கு எப்பவும் இதத்தான் குடுத்தியா?"

"பின்ன? பொறந்த அண்ணனுக்குக் கசப்புக் கெழங்கக் குடுத்தனுப்பிச்சான்னு ஊரு சிரிக்கறதுக்கா?"

அவர் வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தார். உலகம் முழுக்க மாட்டுக்குப் போவது ஆலைக் கிழங்கின் தோல். அவர் அளந்ததோ விருந்தாளிக்கு எடுத்து வைத்த கிழங்கு.

"அந்தக் கசப்புலயும் ஒரு மூட்ட குடு."

"குடுக்க மாட்டனுங்க." அவள் திரும்பியே பார்க்கவில்லை. கடைசியில் பாவாயியின் கணவர் நாச்சிமுத்துதான் மம்பட்டியோடு இறங்கினார். "மச்சான் கெழங்கா திங்கப் போறாரு? மருந்து ஊத்தப் போறாரு. நீ சும்மாரு புள்ள."

ஆய்வுக்கூடத்தில் இரண்டு கிழங்கின் தோலையும் ஊறவைத்துப் பிழிந்து, அவற்றின் மேல், நஞ்சு இருந்தால் சிவக்கும் மஞ்சள் நிறச் சோதனைத் தாளைத் தொங்கவிட்டார். கிணற்றடிக் கிழங்கின் தாள் லேசாகப் பழுத்தது. ஆலைக் கிழங்கின் தாள் செங்கல் நிறத்துக்குப் போயிற்று. திரும்பச் செய்தார். முடிவு மாறவில்லை.

சொல்லாமல் விட்டால் நேர்முகம் நல்லபடியாக முடிந்துவிடும். வேலை கிடைத்த பிறகு சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. இப்படி நினைத்தபடியே நேர்முகக் குழுவின் முன் போய் உட்கார்ந்தார்.

"புதுசா ஒருத்தர் மேற்கோள் காட்டியிருக்காராமே, பேஷ்" என்றார் குழுத் தலைவர்.

"அது என்னை மறுத்து எழுதினதுங்க."

"திட்டினாலும் எண்ணிக்கையில ஒண்ணுதானய்யா!" எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "இல்லைங்க. அவர் சொன்னதுதான் சரி. நான் சோதிச்சது திங்கற கிழங்கு. ஆலைக் கிழங்குல நஞ்சு போகலைங்க. பத்திரிகைக்குத் திருத்தம் எழுதப் போறேன்."

கடைசி நாற்காலியில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப உங்கள நம்பி எழுதினவங்க?"

மேற்கோள் காட்டியவர்களின் பெயர்களைச் சண்முகவேல் மனசுக்குள் எண்ணத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சௌந்திரம், "என்னாச்சுங்க?" என்றாள்.

"தெரியல. கிடைக்காதுன்னு நினைக்கறேன்."

சட்டையைக்கூடக் கழற்றாமல் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். மேற்கோள் காட்டிய எல்லோருக்கும் எழுத வேண்டும். அவர்களில் ஒருவர் பிரேசிலில், சண்முகவேலின் அளவை நம்பி, மாட்டுப் பண்ணைகளுக்கே அந்தத் தோலைச் சிபாரிசு செய்திருந்தார். தபால் போய்ச் சேர எப்படியும் மூன்று வாரம் ஆகும். அதுவரை அங்கே தொட்டிகளில் என்ன கொட்டுவார்களோ? தந்தி கொடுத்தால் என்ன என்று தோன்றியது. தாளை உருவிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தந்தி ஆபீசுக்கு நடந்தார்.