எண்பதில் போன வண்டி

உபைதுல்லா வருடக்கணக்கில் ஓட்டிச் சலித்து மச்சினன் அல் அமீனுக்கு விற்ற பழைய பிக்கப் ஜீப், இன்று வில்லாபுரம் வீட்டு வாசலில் புது மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றது. காளவாசலில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து டேஷ்போர்டு மீட்டர் அத்தனையையும் மாற்றியிருந்தான். கண்ணாடிக்குள் நீல வெளிச்சம், வெள்ளை முள். உபைதுல்லாவின் மனைவி சுஃபியா, தன் தம்பியின் வண்டியைத் தடவித் தடவிப் பார்த்தாள். தன்னிடம் இருந்தபோது இதே வண்டியில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறியவள்! உபைதுல்லாவுக்கு வயிறு எரிந்தது.

“மினுக்குனா ஆச்சா மாப்ள? ஓட்டத் தெரியணும். நான் இதை எண்பதுல வெரட்டுனவன். சாவியக் கொடு.”

மூவரும் ஏறினார்கள். ரிங் ரோட்டில் ஆக்சிலேட்டரை அடியோடு மிதித்தார். கதவு தடதடத்தது, ஸ்டியரிங் உதறியது, காற்று காதில் அறைந்தது. அதே எண்பதுதான், சந்தேகமே இல்லை. புது முள் மட்டும் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை.

“மீட்டரு தப்பு. ஒன்னய நல்லா ஏமாத்திட்டாய்ங்க.”

“போன் மேப்புலயும் நாப்பத்தஞ்சுதான் காட்டுது மச்சான்,” என்றான் அல் அமீன் மெதுவாக.

சுஃபியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். “அதான பாத்தேன்! இம்புட்டு வருசத்துல ஒரு கல்யாணத்துக்காவது நிக்காஹ் முடியுறதுக்குள்ள போய்ச் சேர்ந்திருக்கோமா?”

உபைதுல்லா வண்டியைத் திருப்பி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். சுஃபியா உள்ளே போனதும் மச்சினன் காதோரம் குனிந்தார்.

“கழட்டுன பழைய மீட்டரத் தூரப் போட்டுட்டியா மாப்ள? இருந்தா எனக்குக் கொடுத்துரு. அது ஒண்ணுதான் உண்மையச் சொல்லும்.”