நீலாண்டனின் கறுப்பு

"என்ன செலினே, ஆனைக்குப் பவுடர் போட்டு விட்டிருக்க?" என்று விஜயகுமாரன் கேட்டதும் செலினுக்குக் காதுமடல் வரை சூடேறியது. பவுடர் போட்டதுபோலத்தான் இருந்தது. குளித்துவிட்டு ஆற்றிலிருந்து ஏறி வந்த நீலாண்டனை அவள்தான் படமெடுத்தாள். ஈரத்தில் ஆள் கருகருவென்று மின்னினான். கணினித் திரையிலும் அப்படியே நின்றான். அவள் கடை அச்சு இயந்திரத்தின் வாயிலிருந்து வெளியே வரும்போது மட்டும் அடுப்புச் சாம்பலில் புரண்டு எழுந்தவன்போல் வந்தான்.

விஜயகுமாரன் நீலாண்டன் ரசிகர் சங்கத்தின் செயலாளர். திருச்சூரில் ஆனை ரசிகர்களிடம் வம்பு வளர்ப்பதைவிட ஆனையிடமே வளர்க்கலாம். அன்று மாலை சங்கத்தின் புதிய அலுவலகத்தைத் திறக்கிறார்கள், சுவரில் இந்தப் படம். பளபளக்கும் தாளில் போட்டால் கறுப்பு சுலபமாக வந்துவிடும். ஆனால் அதில் விளக்குப் பட்டால் ஆனையின் நெற்றியில் ட்யூப்லைட் தெரியும் என்று, மினுக்கமில்லாத பருத்தித் தாள்தான் வேண்டும் என அடம்பிடித்தவள் செலின். அதோடு வாயை மூடியிருக்கலாம். "கறுப்பு வரலேன்னா கடை போர்டைக் கழட்டிடறேன்" என்று சங்கத்தார் அத்தனை பேர் முன்னாலும் சொல்லித் தொலைத்திருந்தாள்.

"சாயந்திரம் வரைக்கும் பாரு. இல்லேன்னா ஃப்ளெக்ஸ்தான். போர்டைக் கழட்ட ஏணி நானே கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். கூட வந்த பாகன் அப்புண்ணி மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான்.

செலின் மையைக் கூட்டினாள். தாள் குடித்தது. மறுபடி கூட்டினாள். வெளியே வந்ததை அப்புண்ணி வெகுநேரம் பார்த்தான்.

"எம் பிள்ளை காதுக்குப் பின்னாடி மடிப்பு எங்க? கண்ணு எங்க? சேச்சி, இது ஆனையில்ல. ஆனை அளவுக்கு ஒரு ஓட்டை."

அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. காலையில் போட்ட சாம்பல் ஆனையை எடுத்துக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டினாள். ஒரு துண்டு புதுத் தாளின்மேல் போய் விழுந்தது. செலின் கத்தரியைக் கீழே வைத்தாள். வெள்ளைத் தாளின் நடுவில் அந்தத் துண்டு அட்டக்கறுப்பாகக் கிடந்தது. சுற்றியிருந்த வெள்ளையை இரண்டு கைகளாலும் மறைத்தாள், சாம்பல். கையை எடுத்தாள், கறுப்பு.

மையில் குறையே இல்லை. கறுப்பைக் கறுப்பென்று காட்டப் படத்தில் ஒரு வெள்ளைகூட இல்லை, அவ்வளவுதான். வெளுத்துப்போய்விடுமோ என்று பயந்து தந்தங்களை அவளே மங்கலாக்கியிருந்தாள். நெற்றியில் வழிந்த நீர்கூட அழுக்காகத்தான் இருந்தது. இப்போது கூட்டிய மையைப் பழைய அளவுக்கே குறைத்தாள். தந்தத்தின் நுனியிலும் நீர்த்துளிகளிலும் மையே படாமல் வெறும் தாள் தெரியும்படி விட்டாள். ஆனையின் உடம்பைத் தொடவேயில்லை. இயந்திரம் அங்குலம் அங்குலமாகத் தாளை வெளியே தள்ளியது.

மாலையில் படத்தின்மேல் போட்டிருந்த துணியை அப்புண்ணிதான் இழுத்தான். எந்தத் திருவிழாவில் எந்த ஆனை நடுவில் நிற்க வேண்டும் என்று உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அப்புண்ணி கிட்டே போய்க் காதுக்குப் பின்னால் மடிப்பைத் தேடினான். இருந்தது. கண்ணும் இருந்தது, அவனையே பார்த்தது.

"குளிச்சிட்டு வந்துட்டான்" என்றான்.

செலினுக்குக் கூரை ஏறிக் கத்த வேண்டும்போல் இருந்தது. அதற்குள் முன்வரிசையில் ஒருவர், பெரியவர் எதிரே வந்துவிட்டால் மரியாதைக்குச் செய்வதுபோல, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிட்டார். பக்கத்தில் இருந்தவரும் இறக்கினார். பிறகு பின்னால் நின்றவர்கள், வாசலில் நின்றவர்கள். விஜயகுமாரன் மட்டும், இறுக்கிப் போட்ட முடிச்சு அவிழாமல், படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே இடுப்பில் தடவிக்கொண்டிருந்தார்.